பசை

ஹெப்பாளப் பாலம் தாண்டி இரண்டாவது நிறுத்தம்.
வேளாண் பல்கலைக்கழக நூலகத்தில்
இருபத்தாறு வருஷமாகப்
புத்தக முதுகில் எண் ஒட்டுகிறேன்.

நான் சேர்ந்தபோது
விளைவிப்பதெல்லாம் அறுநூற்று முப்பது.
மண், உரம், காய்ப்புழு, கோமாரி
எல்லாம் மேல்தளத்தில், ஒரே சுவரில்.
விற்பது கீழே,
முந்நூற்று முப்பத்தெட்டு.
நடுவில் பதினெட்டுப் படி.
விளைவித்தவன் இறங்கிப் போய்த்தான்
விலை கேட்க வேண்டும் என்று
யோசித்துக் கட்டியதுபோல.

ஒரு ஜூனில் சுற்றறிக்கை வந்தது:
பண்ணை மேலாண்மை என்ற பாடம்
இனி வேளாண் வணிகம்.
பேராசிரியர் தம்மண்ண கௌடா எழுந்து
"ராகி தெரியாதவன் ராகி விற்கப் படிப்பானா?" என்றாராம்.
கூட்டக் குறிப்பில் அது
'ஓர் உறுப்பினர் கருத்துத் தெரிவித்தார்'.
இரண்டு வருஷத்தில் அந்தத் துறைக்கு
அவரே தலைவர்.
பெயர்ப்பலகையில் பெயிண்டர் விட்ட ஒற்றைத்
தானே ஏணியேறிப் போட்டார்.

புத்தகங்கள் வந்தன.
முதலில் அமெரிக்காவிலிருந்து,
மக்காச்சோளத்தை ரயில்பெட்டிக் கணக்கில் பேசுபவை.
ஒரு புஷல் எத்தனை கிலோ என்று
ஓரத்தில் யாரோ பென்சிலால் போட்டிருந்தார்கள்.
அடுத்த வருஷம் இன்னொருவர்
அதன் கீழேயே மறுபடி போட்டுப் பார்த்திருந்தார்,
முன்னவரை நம்பாமல்.
பிறகு அகமதாபாத்திலிருந்து பால் பற்றி,
பிறகு டை கட்டிய பையன்கள்,
வளாகத் தேர்வு,
குளிர்பதனச் சங்கிலி, மதிப்புக்கூட்டல்,
'பங்குதாரர்' என்ற ஒரே சொல்லில்
விவசாயியும் வங்கியும் விதைக் கம்பெனியும்.

எனக்கு வேலை கூடியது, அவ்வளவுதான்.
முந்நூற்று முப்பத்தெட்டைச் சுரண்டி
அறுநூற்று ஐம்பத்தெட்டு.
குழு கலைந்து வேறு குழு வந்தால்
மறுபடி அறுநூற்று முப்பது.
காகிதத்தின் மேல் காகிதம், பசையின் மேல் பசை.
முதுகைத் தடவினால் போதும்,
எத்தனை முறை பெயர் மாறிய படிப்பு என்று
விரலுக்குத் தெரியும்.

போன ஜனவரியில் தபஸ்ஸும் வந்தாள்.
முதுநிலை இரண்டாம் ஆண்டு.
யஷ்வந்த்பூர் வெங்காய மண்டியில்
அவள் அப்பாவுக்குக் கமிஷன் கடை.
பையில் சிவப்புத் துணி அட்டைப் பேரேடு நான்கு.
கணக்குப்பிள்ளை கிருஷ்ணகிரிக்காரர்,
எல்லாம் தமிழில்.
"மேடம், எங்க வீட்டில் யாருக்கும் படிக்க வராது."

ஒன்பது நாள் மதியச் சோற்று நேரம் போனது.
நான் படித்தேன், அவள் கணினியில் இட்டாள்.
சாக்கு, எடை, கழிவு, சுமைக்கூலி, தரகு,
கைமாற்று,
'மழையில் நனைந்தது, பாதி விலை',
'மகள் கல்யாணம், முன்பணம் இரண்டாயிரம்'.
தரகுக்கு ஆங்கிலத்தில் என்ன என்று கேட்டாள்.
உங்கள் பாடநூலில் அதற்கு
ஓர் அத்தியாயமே இருக்கிறதே என்றேன்.
அவள் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டாள்.

சிக்கஹனுமய்யா என்று ஒரு பெயர்.
ஆண்டுதோறும் நாற்பது சாக்கு,
ஒரு தடவை முப்பத்தெட்டு.
விலை உச்சிக்குப் போன வருஷம் மட்டும்
அவர் பெயர் இல்லை.
அடுத்த வருஷம் மறுபடி நாற்பது,
ஒன்றுமே நடக்காததுபோல.

வழிகாட்டி சொன்னாராம்:
"விலகல் புள்ளி. நீக்கிவிடு, கோடு நேராகும்."
நீக்கவில்லை.
அடிக்குறிப்பில் வைத்தாள்:
காரணம் தெரியவில்லை.
அந்த இரண்டு சொல்லுக்காக வாய்மொழித் தேர்வில்
இருபது நிமிஷம் நின்றாள்.

இன்னொன்றும் கேட்டாள் என்னிடம்:
மேற்கோள் பட்டியலில் பேரேட்டுக்கு
ஆசிரியர் என்று யாரைப் போடுவது?
அப்பாவையா, கணக்குப்பிள்ளையையா,
சாக்கு கொண்டுவந்தவர்களையா?
வெளியீட்டாளர்?
விதிப்புத்தகம் புரட்டிப் பார்த்தேன்.
எங்கள் விதிக்கு மண்டி தெரியாது.

ஆய்வேடு என் மேசைக்கு வந்து ஐந்து மாதம்.
கறுப்பு அட்டை, பொன்னெழுத்து,
முதுகு வெறுமை.
பசைப்புட்டி திறந்து காய்ந்து
வேறு வாங்கினேன்.
எண் இல்லாததைக் கடன் தரக்கூடாது.
நான்கு பேர் எடுத்துப் போய்த்
திருப்பித் தந்துவிட்டார்கள்.